அடர்ந்த முடி நாய்க்கு லைஃப் ஜாக்கெட்: எடையை மட்டும் கேட்டு விற்கும் கடை, ஜாக்கிரதை

ஜோகன்னஸ்பர்க் பக்கம் நாய் வளர்க்கும் நம்மவர்களுக்கு, முக்கியமாகக் கோடையில் வால் (Vaal) அணைக்குப் படகோடு போகிறவர்களுக்கு இது. லெனேசியாவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பெரிய செல்லப்பிராணிக் கடையில் எங்கள் மணிக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கி ஏமாந்தோம்.

மணி நீளமுடி ஜெர்மன் ஷெப்பர்ட். வயதாகிவிட்டது, பின்னங்கால்களில் பலமில்லை. ஆனாலும் தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான். படகு, ஆழமான அணை, அடர்ந்த முடி என்று எல்லாவற்றையும் விற்பனையாளரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை கிலோ?" 36 என்றேன். அட்டவணையைப் பார்த்தார், ஒன்றை எடுத்து மாட்டினார், பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுக் காட்டி "பெர்ஃபெக்ட்" என்றார். டேப்பைத் தொடவே இல்லை. விலை 1,200 ராண்டுக்கு மேல்.

அந்த இரண்டு விரலும் போனது முடிக்கு மேலே, தோல்வரை போகவில்லை. ஷெப்பர்ட், ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர் எல்லாவற்றுக்கும் முடி இரண்டடுக்கு. வெளியே நீளமான முடி, அடியில் குட்டையாக நெருங்கிய உள்முடி. காய்ந்திருக்கும்போது உப்பி நிற்கும், நனைந்தால் உடம்போடு படிந்துவிடும். கடையில் கச்சிதமாக இருந்த பட்டை தண்ணீரில் தொளதொளவென்று ஆகிவிடும்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். மணி படகுத்துறையிலிருந்து குதித்தான். ஜாக்கெட் பின்னால் சரிந்து இடுப்புக்குப் போய்விட்டது. மிதவை இடுப்பில் சேர்ந்தால் பின்பாகம் மேலே வரும், தலை அமுங்கும். கழுத்துப் பட்டையில் ஒரு முன்னங்கால் வேறு சிக்கிக்கொண்டது. மச்சான் முதுகுப் பிடியைப் பிடித்து இழுத்தார். பிடி தையலோடு கையில் வந்துவிட்டது! அப்புறம் அவரே குதித்துத்தான் கரை சேர்த்தார்.

கிழிந்த இடத்தில் பார்த்தால் உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தது. பிழிந்தேன், தண்ணீர் கொட்டியது. நல்ல ஜாக்கெட்டில் தண்ணீர் ஏறாத ஃபோம் இருக்கும், எவ்வளவு நேரம் ஊறினாலும் கனக்காது. மனிதர்கள் போடும் ஜாக்கெட்டில் எவ்வளவு மிதக்கவைக்கும் என்பது 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கில் போட்டிருக்கும். நாய்க்கானதில் எடை அட்டவணையெல்லாம் தயாரித்தவர் இஷ்டம்தான்.

கடையில் போய்க் கேட்டால், "பயன்படுத்தியதை எடுப்பதில்லை, முடி வேறு ஒட்டியிருக்கிறது" என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்கள். அந்த போர்டைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 55ஆம் பிரிவு: எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 56ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பது நம் விருப்பம், கடையின் விருப்பம் அல்ல. இதை எழுதிக் கொடுத்ததும் மேலாளரின் குரலே மாறியது. "ஸ்டோர் கிரெடிட் தருகிறோம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் புகார் போயிருக்கிறது, அதனால்தான் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் வீட்டில் நாயை நன்றாக நனைத்துவிட்டு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். கழுத்தையும் அப்படியே. எடை அப்புறம்தான். வெல்க்ரோ மட்டும் உள்ளது வேண்டாம், உள்முடி ஒட்டிக்கொண்டால் பிடிக்காது, பக்கிள் வேண்டும். வயிற்றுக்கடியில் அகலமான துணி இருக்கட்டும். கடையிலேயே முதுகுப் பிடியைப் பிடித்து முன்னங்கால்கள் லேசாக எழும்பும்படி தூக்கிப் பாருங்கள். தையல் முனகினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். முதல் தடவை முழங்கால் ஆழத்தில் நனையவிட்டு, பட்டையை மறுபடி இறுக்கிய பிறகே ஆழத்துக்கு விடுங்கள். கரையேறியதும் கழற்றி உள்முடிவரை துவட்டிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் தோல் புண்ணாகும், மணிக்கு அக்குளில் இன்னும் மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.