அரிய செடி விதைப் பெட்டி: தாமரை தேறியது, அடீனியம் தேறவில்லை

கடந்த மாசி மாதம், இணையத்தில் இயங்கும் ஒரு விதைக் கடையிலிருந்து 'அரிய செடிகள்' என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். அடீனியம் (பாலைவன ரோஜா), தாமரை, பெருக்கமரம் (பாவோபாப்), செங்காந்தள் ஆகிய நான்கின் விதைகளும், தண்ணீர் ஊற்றினால் உப்பிப் பெரிதாகும் தென்னை நார்க்கழிவு வில்லைகள் பத்தும், நான்கு பக்கக் கையேடும் அடங்கிய அந்தப் பெட்டிக்கு அஞ்சல் செலவு உட்பட 549 ரூபாய் ஆயிற்று. பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் மதிப்புரைகளை நம்பித்தான் நானும் வாங்கினேன் என்பதால், திருச்சியில் என் வீட்டு மொட்டை மாடியில் நான்கு மாதம் அவற்றோடு பாடுபட்டு முடித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

பொட்டலங்களைக் கையில் எடுத்ததும் நான் தேடியது தேதியைத்தான். வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கும் சான்று பெற்ற நெல் விதை மூட்டையில் நீல அட்டை கட்டியிருக்கும். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், சோதனை செய்த நாள் எது, எதுவரை விதைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பயிர் ரகங்களுக்கு இத்தகைய விவரங்கள் கட்டாயம். அலங்காரச் செடி விதை விற்பவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். விதை சேகரித்த மாதத்தையாவது எழுதலாம். இந்தப் பெட்டியில் அதுகூட இல்லை. 'முளைப்பு உறுதி' என்ற முத்திரை மட்டும் நான்கு பொட்டலத்திலும் பளபளத்தது. பின்னால் நேர்ந்த நல்லது கெட்டது அனைத்தும் இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவையே.

அடீனியத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பெரும்பாலானோர் இந்தப் பெட்டியை வாங்குவதே அதற்காகத்தான். அடிப்பகுதி பானைபோல் பருத்து நிற்கும் அழகு விதையிலிருந்து வரும் செடிக்கே எளிதில் அமைகிறது. கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், அந்தத் திரட்சி அவ்வளவாக வராது. ஆனால் அடீனிய விதையின் ஆயுள் குறைவு. புதிதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும் விதை, சில மாதங்கள் கிடந்துவிட்டால் வெறும் சக்கையாகிவிடும். இருபது விதை என்று அச்சிட்டிருந்த பொட்டலத்தில் பதினேழு இருந்தன. விரலால் அழுத்தியபோது ஆறு அப்பளம்போல் நொறுங்கின. ஆற்று மணலும் நார்க்கழிவும் கலந்து, எஞ்சிய பதினொன்றையும் படுக்கை வாட்டில் வைத்து மேலே மெல்லத் தூவி மூடினேன். மூன்று முளைத்தன, அவற்றில் ஒன்று பத்தாம் நாள் நாற்றழுகல் கண்டு, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்தது. அந்த ஒன்றுக்குக் கடையைக் குறை சொல்ல மாட்டேன், நான்தான் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருந்தேன்.

குறை விதையிலா என் கையிலா என்று தெரிந்துகொள்ள, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு காய் கேட்டு வாங்கினேன். அடீனியக் காய் ஆட்டுக் கொம்பு மாதிரி இரட்டையாக நீளும். முற்றி வெடிக்கும்போது, இரு முனையிலும் பட்டுக் குஞ்சம் வைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும் என்பதற்காக அவர் காயைச் சுற்றி நூல் கட்டி வைத்திருந்தார். அதே கலவை, அதே தட்டு, அதே வெயில். பதினெட்டு விதையில் பதினைந்து ஐந்தாம் நாளே தலை தூக்கின. கடைக்கு இதை எழுதியபோது, நான்கு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு மாற்றுப் பொட்டலம் அனுப்பினார்கள். பதில் மரியாதையாகவே இருந்தது. விதை மட்டும் அதே பழைய சரக்கு, முளைத்தவை இரண்டு. போதாக்குறைக்கு, உறையில் அச்சிட்ட, ரோஜா போன்ற அடுக்குப் பூவை விதைச் செடியில் யாரும் உறுதியளிக்க முடியாது. அத்தகைய ரகங்கள் ஒட்டுக் கட்டியே பெருக்கப்படுகின்றன.

தாமரை இதற்கு நேர்மாறு. அதன் விதை ஓடு தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாது. சீனாவின் வடகிழக்கில் ஒரு பழைய ஏரிப் படுகையில் எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதுடைய தாமரை விதையே முளைத்திருக்கிறது. அப்படியிருக்க, கடைக்காரரின் அலமாரியில் ஓரிரு ஆண்டு கிடந்ததால் அதற்கு என்ன வந்துவிடப் போகிறது? கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, கருப்பு ஓட்டுக்கு அடியில் வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்தி, கண்ணாடி டம்ளரில் போட்டு தினமும் தண்ணீர் மாற்றினேன். மறுநாளே விதை பருத்தது. ஐந்தாம் நாள் ஓடு பிளந்து, குடைக்காம்பு மாதிரி வளைந்த பச்சை முளை வெளியே வந்தது. ஐந்தில் நான்கு தேறின. இங்கே கையேடுதான் சறுக்கியது. நான்கு வகைக்கும் ஒரே அறிவுரையாக நார்க்கழிவில் நடச் சொல்கிறது. நார்க்கழிவு தண்ணீரில் மிதக்கும் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். வண்டல் மண்ணைத் தொட்டியில் நிரப்பி நட்டேன். இப்போது இலைகள் தண்ணீர்மேல் படர்வதோடு நில்லாமல் நிமிர்ந்தும் நிற்கின்றன.

பெருக்கமரம் இலங்கையின் மன்னார்க்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத மரம். பள்ளிமுனையில் நிற்கும் பருத்த மரத்தைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். அராபிய வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கையேட்டின்படி இரண்டு விதையை வெறும் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தேன், ஒரு வாரம் கழித்தும் கல்லாகவே இருந்தன. மீதி மூன்றின்மேல் கொதித்த நீரை ஊற்றி அதிலேயே ஒரு நாள் விட்டதும் உப்பின; இரண்டு முளைத்தன. பிற்பாடு அந்த இரண்டு கல்லுக்கும் இதே வைத்தியம் செய்ததில் ஒன்று பிழைத்தது.

செங்காந்தளில் எனக்குக் கடைமேல் உண்மையான கோபம் உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று உறையில் பெருமையாகப் போட்டவர்கள், கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருப்பதை எங்கும் குறிப்பிடவில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் போகும் பெட்டி இது. 'பத்து நாளில் முளைக்கும்' என்பதும் தவறு. இதன் விதை நீண்ட உறக்கம் உடையது. மூலனூர், தாராபுரம் பக்கம் மருந்துக்காக இதைப் பயிரிடும் விவசாயிகள் விற்பதுதான் விதை, நடுவது கிழங்கை. பத்தில் இரண்டு எழுபதாம் நாளுக்கு மேல் முளைத்தன. கையேட்டை நம்பியிருந்தால் தட்டை எப்போதோ கொட்டியிருப்பேன். பூவைப் பார்க்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

இலவச இணைப்பாக 'நீல ரோஜா' விதையும் வந்தது. ரோஜாவில் நீலத்துக்கான டெல்ஃபினிடின் நிறமியே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றம் செய்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் பார்வைக்கு இளம் ஊதாதான். பொதுவாகப் பல வாரக் குளிர் பட்டால்தான் முளைக்கும் ரோஜா விதை, என் மாடி வெயிலில் ஐந்தே நாளில் முளைத்தபோதே சந்தேகம் வந்தது. இலையைக் கசக்கி முகர்ந்தேன்: தக்காளி. நல்ல காய்ப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். இந்தக் கடையில் தாமரையும் பெருக்கமரமும் தனிப் பொட்டலமாகவும் கிடைக்கின்றன, அவற்றை மட்டும் தயங்காமல் வாங்கலாம். வில்லைகளை இருமுறை அலசி, நார்க்கழிவில் இருக்கும் உப்பை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அடீனியத்துக்கு நான் மறுபடி பணம் அனுப்பப் போவதில்லை; அக்கா வீட்டு மாடியில் நூல் கட்டிய காய் இன்னொன்று பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது.