மைக் கையில் கிடைத்தால் மூன்று நிமிடம்

எங்கள் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையில் மாதாந்திர உபவாச ஜெபத்துக்குப் போய் வந்தேன். பெயர் வேண்டாம். பாட்டு சுமார், ஸ்பீக்கர் காதைப் பிளந்தது, ஆனால் கடவுள் தங்கள் வாழ்க்கையில் செய்ததை ஆட்கள் மைக்கில் சொல்லும் சாட்சி நேரத்துக்காகவே மறுபடி போகலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்தான், தாண்டினால் மூப்பர் ஒருவர் மெல்ல எழுந்து நிற்பார். நல்ல ஏற்பாடு! ஒரு அக்கா, கணவர் குடியை விட்டதைச் சொல்ல வந்து, "இன்னும் முழுசா விடலைங்க, ஜெபம் பண்ணுங்க" என்று முடித்தபோது கூடாரமே அமைதியானது. பைபிளில் யோவான் 9-இல் இயேசுவால் பார்வை பெற்றவனும் இப்படித்தானே, குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்றான்.

பிரசங்கியார்தான் சறுக்கினார். அப்போஸ்தலன் பவுலே, தமஸ்கு போகும் வழியில் இயேசு தனக்குத் தரிசனமானதை அப்போஸ்தலர் 22-இலும் 26-இலும் தன் வாயால் சொல்கிறார், அதனால் சொந்தக் கதை சொல்வதில் தப்பில்லை, சரி, ஆனால் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் தன் வீடு கட்டிய கதையா? அப்புறம் யாரோ ஜெபிக்கச் சொல்லித் தனியாகச் சொன்ன ஜெபக் குறிப்பை மேடையில் உதாரணமாக்கியது ரொம்ப உறுத்தியது; பெயர் சொல்லாவிட்டாலும் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

கடைசியில் கொடுத்த கஞ்சியும் துவையலும் அருமை.