பழைய டிராக் காருக்கு எந்த இன்ஜின்? ஃபிளாட்ஹெட், ஹெமி, ஸ்மால் பிளாக்

பழைய பாணி டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து கால் மைலை நேர்கோட்டில் ஓடி முடிக்கும் பந்தயம்) கார் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து கட்டலாம் என்று கிளம்புகிற எல்லாருக்கும் முதலில் வரும் சண்டை இன்ஜின் சண்டைதான். டெட்ராய்ட் பக்கம் எங்கள் கூட்டத்திலும் அது வந்தது. கூட்டம் என்றால் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டூல் அண்ட் டை மெக்கானிக் ஒருவர், அவர் மூலமாக வந்து ஒட்டிக்கொண்ட இரண்டு பெரியவர்கள். அந்தப் பெரியவர்கள் வாலிபத்தில் உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டவர்கள்.

பாடி விஷயத்தில் சண்டையே இல்லை. 1955 செவ்ரோலே, இரண்டு கதவு செடான். அந்த வருஷம்தான் செவ்ரோலே, டார்க் ட்யூப் என்கிற மூடிய குழாய் அமைப்பை விட்டுவிட்டு டிரைவ் ஷாஃப்ட்டை வெளியே திறந்து வைத்தது. அதனால் வேறு கியர்பாக்ஸும் வேறு பின் ஆக்ஸிலும் மாட்டுவது சுலபம். நாங்கள் கட்ட நினைத்தது 1960-களின் ‘கேஸர்’ வகை. சாதாரண பம்பு பெட்ரோலில் ஓடும் வகுப்பு அது. முன்னால் ஸ்ட்ரெய்ட் ஆக்ஸில் வைத்து மூக்கைத் தூக்கி நிறுத்துவார்கள். கிளம்பும்போது எடை பின்சக்கரங்களின் மேல் போய் விழ வேண்டும், டயர் தரையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கால விதிப்படி வீல்பேஸில், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில், பத்து சதவீதம் வரை இன்ஜினைப் பின்னால் தள்ளி வைக்கலாம். 1955 செவ்ரோலேயின் வீல்பேஸ் 115 அங்குலம், ஆகவே 11.5 அங்குலம் கிடைக்கும். எந்த இன்ஜினைப் போட்டாலும் இதெல்லாம் பொது.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். காரின் எடையைப் பவுண்டில் எடுத்துக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 5.825-ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் சுமாராக வந்துவிடும். டயர் வழுக்காமல் பிடித்தால் என்ற நிபந்தனையோடு. 3,200 பவுண்டு காரில் 400 குதிரைத்திறன் இருந்தால் வகுத்து வருவது 8, கனமூலம் 2, நேரம் 11.65 வினாடி. செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி8-இல் 327 கன அங்குலக் கொள்ளளவு உள்ளதை ஒழுங்காகக் கட்டினால் இது எட்டக்கூடிய இலக்கு. அதே காரில் ஃபோர்டின் 200 குதிரைத்திறன் ஃபிளாட்ஹெட் என்றால் 14.7 வினாடிக்குப் பக்கம். கிரைஸ்லரின் 500 குதிரைத்திறன் ஹெமி என்றால், அது கூட்டும் 150 பவுண்டு எடையையும் சேர்த்தாலும், 11 வினாடிக்குக் கொஞ்சம் கீழே.

அப்படியானால் ஹெமிதானே? காகிதத்தில் ஆமாம். ஆனால் நாங்கள் 327-ஐத்தான் போட்டோம். இரண்டாவது முறை வாய்ப்பு வந்தாலும் அதையேதான் போடுவேன்.

ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1932-இல் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறனோடு வந்த வி8. சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் வந்த வி8 என்பதால், போருக்குப் பிறகு பையன்கள் கையில் கிடைத்ததும் அதுதான். 1950-இல் கலிஃபோர்னியாவில் சான்டா அனா விமான ஓடுதளத்தில் டிராக் பந்தயம் தொடங்கியபோது வரிசையில் நின்றவற்றில் பெரும்பகுதி இதுவே. அழகான இன்ஜின், சத்தம் அதைவிட அழகு. ஆனால் எக்ஸாஸ்ட் வாயு பிளாக்குக்கு உள்ளேயே சிலிண்டர்களுக்கு நடுவில் புகுந்துதான் வெளியே வர வேண்டும். ஆகவே சூடு முழுவதும் தண்ணீருக்குப் போகிறது. வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவது அதன் பிறவிக் குணம். கிராங்க்கைத் தாங்குவதும் மூன்றே மெயின் பேரிங். வால்வுகள் பிளாக்குக்குள் இருப்பதால் இடைவெளி பார்க்க வேண்டும் என்றால் மேலே இருக்கும் இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும். 1940-களின் ரோட்ஸ்டர் ஒன்றைக் கட்டுகிறீர்கள், நேரம் முக்கியமில்லை என்றால் தாராளமாகப் போடலாம். 1955 உடம்புக்கு அது பொருந்தாது.

ஹெமிக்கு மரியாதையோடுதான் வருகிறேன். கிரைஸ்லர் 1951-இல் 331 கன அங்குலத்தில் கொண்டுவந்தது, 1956-இல் 354, 1957-இல் 392. அரைக்கோள வடிவ எரிப்பு அறை, நடுவில் ஸ்பார்க் பிளக், இருபுறமும் சாய்ந்து நிற்கும் பெரிய வால்வுகள். காற்றை உள்ளே இழுப்பதில் அந்தக் காலத்தில் இதற்கு இணை கிடையாது. டான் கார்லிட்ஸ் முதலான டிராக்ஸ்டர்காரர்கள் (டிராக்ஸ்டர் என்றால் டிராக் பந்தயத்துக்கென்றே கட்டிய நீண்ட ஒல்லியான கார்) நைட்ரோமீத்தேன் ஊற்றி விரட்டியது 392-ஐத்தான். 1964-இல் 426 ஹெமி வந்த பிறகும் பலர் பழையதை உடனே விட்டுவிடவில்லை.

நண்பர்கள் கூடிக் கட்டிய ஹெமி கார்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ராம்சார்ஜர்ஸ் கிளப்பின் ‘ஹை அண்ட் மைட்டி’. கிரைஸ்லரின் இளம் இன்ஜினியர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில் கட்டியது. 1949 பிளிமத் கூப், அதற்குள் 354 ஹெமி. இன்டேக் குழாய்களைத் தலைக்கு மேல் ஓங்கி உயரமாக நிறுத்தினார்கள். குழாயின் நீளத்தைச் சரியாக வைத்தால் அதற்குள் போய்த் திரும்பும் அழுத்த அலை, வால்வு மூடுவதற்கு முன் கூடுதல் காற்றைத் தள்ளிவிடும் என்பது அவர்கள் கணக்கு. 1959-இல் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் தேசியப் பந்தயம் டெட்ராய்ட் டிராக்வேயில் நடந்தபோது அந்தக் கார் அங்கே ஓடியது. பின்னால் 426 ஹெமியின் தந்தை என்று பெயர் வாங்கிய டாம் ஹூவரும் அந்த கிளப்பில் இருந்தவர்தான்.

இந்தக் கதையை ஹெமிக்கு ஆதரவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அவர்கள் ஹெமி போட்டது அது பெரிய இன்ஜின் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த இன்ஜின் அவர்கள் கைக்குப் பழகியது. கூட்டத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பதில் தெரியும், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரியும். நண்பர்களை நம்பிக் காரைக் கட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் கூட்டத்தில் கணக்கெடுத்தபோது ஸ்மால் பிளாக்கைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களே பெரும்பான்மை. பெரியவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டே செய்வார்கள். கூட்டத்தில் இளையவன் ஒருவன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டான்: “ஹெமி போட்டீங்கன்னா நான் வந்து டார்ச் லைட்தான் புடிக்கணும் அண்ணே. செவ்ரோலேன்னா ஸ்பானர் புடிப்பேன்.” சரியான பேச்சு. வெறுமனே டார்ச் பிடிக்கிறவர் இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார். அப்புறம் கார் ஒரே ஆளின் தலையில் விழும். பாதியில் நின்றுபோன கார்கள் பல இப்படித்தான் நிற்கின்றன, பணம் இல்லாமல் நின்றவை குறைவு.

அடுத்தது பராமரிப்பு. டிராக் இன்ஜினைக் கட்டி முடிப்பது ஒருமுறை, பராமரிப்பது ஒவ்வொரு பந்தய நாளும். இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளாத சாலிட் லிஃப்டர் வகை கேம் போட்டால் வால்வு இடைவெளியை அடிக்கடி பார்த்தாக வேண்டும். ஸ்மால் பிளாக்கில் வால்வை அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில், பந்து போன்ற பிவட்டில் உட்கார்ந்திருக்கும், ஒரு நட்டு மட்டும். கவர் இரண்டையும் கழற்றி, ஃபீலர் கேஜை விட்டு, நட்டைத் திருகிக்கொண்டே போக வேண்டியதுதான். மொத்தம் பதினாறு. செவ்ரோலேயின் டன்டாவ் 30-30 என்கிற சாலிட் லிஃப்டர் கேம் என்றால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது, குழப்பமே இல்லை. ஒரு ராக்கர் போனால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று போடலாம். புஷ்ராட் வளைந்தால் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் மாற்றிவிட்டு மறுபடி வரிசையில் போய் நிற்கலாம். நாங்கள் அப்படி நின்றிருக்கிறோம்.

ஹெமியில் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு ராக்கர் ஷாஃப்ட், ஸ்பார்க் பிளக்குக்கு வால்வு கவர் வழியாக இறங்கும் குழாய்கள், அவற்றின் சீல்கள். ஹெட்டைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். எதுவும் செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் எல்லாமே நேரம் பிடிக்கிற வேலை. ஹெமியில் என் சொந்த அனுபவம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு கூட்டத்தின் காரில் சில வார இறுதிகள் கை கொடுத்த அளவுதான். சூப்பர்சார்ஜரோடு வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் இந்தக் குறையையெல்லாம் ஒரு பொருட்டாகவே நினைக்காமல் இருக்கலாம்.

உதிரிப் பாகத்துக்கு வந்தால்தான் வித்தியாசம் முழுதாகத் தெரியும். 392 இரண்டே வருஷம், 1957, 1958-இல் மட்டும் வந்தது. அதன் பிளாக் 331, 354-ஐ விட உயரம், அதனால் அவற்றின் இன்டேக் மானிஃபோல்டு இதில் நேராக உட்காராது. டாட்ஜ் ஹெமி, டிசோட்டோ ஹெமி என்று பழைய சந்தையில் கிடைப்பவை வேறு குடும்பம், அளவே வேறு. ‘ஹெமி பாகம்’ என்று ஆசையாக வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தால் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். நான் கை கொடுத்த அந்தக் கார் ஒரு ராக்கர் ஷாஃப்டுக்காக சீசனின் நல்ல பகுதி முழுவதும் கராஜிலேயே கிடந்தது. இன்று புதிதாகவும் ஹெமி பாகங்கள் செய்து தருகிறார்கள், தரமாகவும் இருக்கின்றன. காத்திருக்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்மால் பிளாக் 1955-இல் 265 கன அங்குலமாக வந்தது, 1957-இல் 283, 1962-இல் 327, 1967-இல் 350. பிற்காலத் தலைமுறைகளையும் சேர்த்து 2011-இல் பத்துக் கோடியாவது ஸ்மால் பிளாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் செய்து முடித்தது. அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் பாகம் கிடைக்கும். அளவுகள் ஒத்துப்போவதால் மாற்றிப் போட்டு விளையாடவும் முடியும். 327-இன் சிலிண்டர் அகலம் 4 அங்குலம், 283 கிராங்க்கின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3 அங்குலம். அந்தக் கிராங்க்கை 327 பிளாக்கில் போட்டால் 302 கன அங்குலம், மேலே மேலே சுற்றத் துடிக்கும் இன்ஜின். 1967-இல் காமரோ இசட்28-க்குச் செவ்ரோலே பயன்படுத்திய அளவும் அதுவே. எங்களில் ஒருவர் வீட்டில் 283 கிராங்க் ஒன்று சும்மா கிடந்ததால் இந்த யோசனை எங்களுக்கும் வந்தது. கியர் மாற்றியதும் சுற்று குறையும் இடத்திலும் இன்ஜின் தாராளமாக இழுக்க வேண்டும் என்று 3.25 அங்குல ஸ்ட்ரோக்கோடு 327-ஆகவே விட்டுவிட்டோம்.

எடையும் ஸ்மால் பிளாக்கின் பக்கம்தான். இரும்பு ஹெட்டோடு 600 பவுண்டுக்குள் அடங்கும், 392 ஹெமி 700-ஐத் தாண்டும். மூக்கைத் தூக்கி எடையைப் பின்னால் தள்ளப் பாடுபடும் காரில் முன்னால் நூறு பவுண்டுக்கு மேல் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

செலவில் இன்னொரு பக்கமும் உண்டு. என்எச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 11.49 வினாடிக்குள் முடிக்கும் காருக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் பார் கட்டாயம். இன்ஜினைப் பின்னுக்குத் தள்ள, இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டை வெட்டியிருந்தால், 10.99-ஐத் தொட்டதுமே முழுக் கூண்டு வேண்டும். ஹெமி நேராக அந்த எல்லைக்குள் கொண்டுபோய் விடும். விதி கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், எந்த இன்ஜினாக இருந்தாலும் ரோல் பாரும், கிளட்ச் சிதறினால் கால்களைக் காக்கும் ஸ்கேட்டர் ஷீல்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். 1970-இல் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் டிரான்ஸ்மிஷன் வெடித்து டான் கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. அதற்குப் பிறகுதான் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அவர் டிராக்ஸ்டர் கட்டினார். நம் காரில் அது முன்னால், கால்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறது.

விற்கும்போது கிடைக்கும் விலையைப் பார்த்தால் ஹெமி ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. பானெட்டைத் திறந்ததும் கூட்டம் சேர்வதும் அதைச் சுற்றித்தான். உங்கள் நண்பர்களில் பழைய கிரைஸ்லர் கைகள் இரண்டு பேர் இருந்தால் நான் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டு ஹெமி எடுங்கள்.

இல்லையென்றால் 327 தேடுங்கள். பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல், ஓட்டுநர் பக்கத்தில் வார்ப்பு எண் இருக்கும். முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள். 1967 வரையிலான 327-இல் மெயின் ஜர்னலின் (கிராங்க்கில் மெயின் பேரிங் பிடிக்கும் பகுதி) விட்டம் 2.30 அங்குலம், 1968-லிருந்து 2.45. கிராங்க் ஒரு பக்கமும் பிளாக் ஒரு பக்கமும் வாங்குவதாக இருந்தால் காலிப்பரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே சிலிண்டரைப் பெரிதாக்கிய பிளாக் என்றால், சுவர் தடிமனை அல்ட்ராசவுண்டு கருவியில் அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.