பக்கத்துக் கல்லூரியின் இணையத்தளம்: நெடுநாள் பாவனைக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தளத்தைச் செய்தவளும் நான் அல்ல, கல்லூரியில் வேலை செய்பவளும் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்கள் கல்லூரியின் படலைக்கு எதிரே கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, பிரிண்ட், லமினேற், ஒன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் தொழில். மகன் அங்கே படிக்கிறான், கணவர் அங்கே படித்தவர். கல்லூரித் தளத்தில் எதையாவது தேடிக் களைத்துப்போனவர்கள் கடைசியில் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். அதனால் பழைய தளம், அதை மாற்றிச் செய்த தளம், மாற்றியதைத் திரும்பவும் திருத்திய தளம் என மூன்றிலும் ஆட்கள் எங்கே தட்டுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இதில் வரும் சங்கதிகள் வடக்கில் வேறு பல கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

பழைய தளத்தின் மேல் வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். முகப்பு, எம்மைப் பற்றி, நிர்வாகம், கல்விசார், இணைப்பாடவிதானம், சாதனைகள், படத்தொகுப்பு, தொடர்புகளுக்கு. பரிசளிப்பு விழாவில் அதிபர் வாசிக்கும் அறிக்கையின் ஒழுங்கு அப்படியே. தரம் 6 அனுமதிப் படிவம் வேண்டுமென்றால் நிர்வாகம், அதற்குள் அலுவலகம், அதற்குள் பதிவிறக்கங்கள் என்று இறங்க வேண்டும். அங்கே ஆசிரியர்களின் லீவுப் படிவத்துக்கும் கடன் விண்ணப்பத்துக்கும் நடுவில் அது இருக்கும். அனுமதி கேட்டு வருகிற தாய் எதற்காக ‘நிர்வாகம்’ என்பதைத் தட்டப் போகிறா? போனில் இன்னும் மோசம். பட்டியல் முழுவதும் மேல் மூலையில் இருந்த மூன்று கோட்டுக்குள் ஒளிந்திருந்தது. வயதானவர்கள் அந்தக் கோடுகளைத் தொடவே மாட்டார்கள். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டிப் படங்களைத்தான் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். டேட்டா போனது மிச்சம்.

தேடல் பெட்டி ஒன்றும் இருந்தது. ‘அனுமதி’ என்று தட்டினால் எதுவும் வராது. காரணம் பாமினி. அறிவித்தல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக ஏற்றப்பட்டவை. திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளின் கோர்வை. போனிலும் இணையத்திலும் தமிழுக்குப் பொதுவாகப் பாவிக்கிற குறிமுறையான யூனிகோட்டில் தேடினால் எப்படி அகப்படும்? யூனிகோட்டில் தமிழுக்கென்று தனி இடம் 1991 இலேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் பாமினியில் கை பழகியவர்களை அசைப்பது லேசான காரியமில்லை. சில அறிவித்தல்கள் அதுவும் இல்லை, ஒப்பமிட்ட கடிதத்தை ஸ்கான் பண்ணிய வெறும் படம். கூகுளுக்கும் இதே கதிதான். அதனால் கல்லூரியின் பெயரைப் போட்டு அனுமதிப் படிவம் என்று தேடினால் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களின் தளங்கள்தான் முன்னுக்கு வரும். சாவகச்சேரியில் இருந்து வந்த ஒரு தாய், கனடாக் கிளையின் இராப்போசன விருந்துப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, “அக்கா, இதுக்குள்ள போம் எங்க இருக்கு?” என்று கேட்டது நினைவிருக்கிறது.

பிறகு கொழும்பில் இணையத்தளம் வடிவமைக்கும் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர், சம்பளம் வாங்காமல் தளத்தை மாற்றித் தர முன்வந்தார். மெனு எப்படி இருக்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்கவில்லை. பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கத்தை வெட்டி, தளத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, கல்லூரி நூலக மேசையில் பரப்பினார். ஒன்றோடொன்று சேர வேண்டியதைச் சேர்த்து அடுக்குங்கள், அடுக்குக்கு நீங்களே பெயர் வையுங்கள் என்றார். பெற்றோர், உயர்தரப் பெடியள், ஆசிரியர்கள், கிளாக்கர், பழைய மாணவர்கள் என்று எல்லாத் தரப்பிலும் ஆள் கூப்பிட்டிருந்தார். நானும் போனேன். ஒரு தளத்தைச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று இணையத்தளப் பாவனை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதியதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்களாம். அதே நீல்சன், பாவிப்பவர்கள் வேறு வேறு வகையினர் என்றால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நாலு பேரையாவது இருத்திப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்றார். அதனால்தான் இவ்வளவு சனம்.

விடுகைப் பத்திரம் என்ற ஒரு அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாக்கர் அதை அலுவலக வேலைகளோடு வைத்தார். ஒரு தாய் ‘வேறு பாடசாலைக்கு மாற’ என்று ஒரு அடுக்கே தொடங்கி அதில் வைத்தா. பழைய மாணவர் ஒருவர் நற்சான்றிதழோடு சேர்த்து ‘வெளிநாட்டுக்கு அனுப்புவது’ என்று எழுதினார். உயர்தரப் பெடியன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரத்தில் தள்ளிவிட்டான், அவனுக்கு இன்னும் அது தேவைப்படவில்லை. ஒருவரும் பிழையாக வைக்கவில்லை.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு: ஆளுக்கு ஏற்றபடி வாசல் வைப்போம். புதுத் தளம் ‘நீங்கள் யார்?’ என்ற கேள்வியோடு திறந்தது. கீழே மாணவர், பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் என்று நாலு பெரிய கட்டங்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அதிபருக்கும் நல்ல சந்தோசம். பழைய மாணவர்களுக்கு உண்மையிலேயே நிம்மதி, அவர்கள் தேடி வருவது ஒரே இடத்தில் கிடைத்தது. மற்றவர்கள் பாடு கொஞ்சநாளில் என் கடையில் தெரிய வந்தது.

கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா வருவா. மகளும் மருமகனும் பிரான்ஸில், பேரனை வளர்ப்பது இவ. போனை என் பக்கம் நீட்டினா.

“பிள்ளை, இதில நான் ஆர்? பெற்றோர் எண்டு போட்டிருக்கு. நான் அம்மம்மா எல்லோ.”

“அதையே தட்டுங்கோ அம்மா, பரவாயில்லை.”

“பிறகு கந்தோரில பிழை எண்டு சொல்லமாட்டினமே?”

சிரிக்கிற விஷயமில்லை. ‘நீங்கள் யார்’ என்று கேட்டால் ஆட்கள் அதை ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி எடுத்து, சரியான பதில் சொல்ல வேண்டும் என்று பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், எங்கள் வீட்டுக்காரர். பெற்றோர், பழைய மாணவர், போதாததற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கிறார். கூட்ட அறிவித்தல் ஒன்றைத் தேடிக் கட்டம் கட்டமாகப் போய்வந்து கடைசியில் எனக்குப் போன் எடுத்தார். அங்கே படிப்பிக்கிற ஆசிரியர்களில் சிலர் அங்கேயே படித்தவர்கள், அவர்களின் பிள்ளைகளும் அங்கேயே. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியோடு ஒருவருக்கு ஒரே ஒரு உறவுதான் என்பது அபூர்வம். ஆளைப் பிரித்து வாசல் வைக்கிற யோசனை இங்கேதான் அடிபட்டது.

அதைவிடப் பெரிய தலையிடி இரட்டிப்பு. தவணைப் பரீட்சை நேரசூசி மாணவருக்கும் வேண்டும், பெற்றோருக்கும் வேண்டும். அதனால் இரண்டு வாசலிலும் தனித்தனிப் பிரதி. ஒரு தவணையில் விஞ்ஞானப் பாடத்தின் திகதி மாறியது. மாணவர் பக்கத்தில் திருத்தினார்கள், பெற்றோர் பக்கத்தில் பழையது அப்படியே கிடந்தது. அந்தப் பழைய நேரசூசியைத்தான் தாய்மார் என்னிடம் பிரிண்ட் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்கள். நல்லவேளை, பெடியளுக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

இந்த முறைப்பாடுகளை நான் அவ்வப்போது வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவேன். தளத்தைச் செய்த அந்தத் தம்பி கோபிக்காமல் வாங்கிக்கொண்டார், ஓர் ஆண்டிறுதி விடுமுறையில் வந்து திரும்பவும் மாற்றினார். இப்போது தளம் யாரென்று கேட்பதில்லை, வந்த காரியத்தைக் கேட்கிறது. அனுமதி, பரீட்சை, சான்றிதழ், பணம் கட்ட, அறிவித்தல் என்று ஐந்து சொற்கள். போனில் அவை அடிப்பக்கத்தில், பெருவிரல் எட்டுகிற இடத்தில் எப்போதும் நிற்கின்றன. மூன்று கோடு போய்விட்டது. எந்தத் தகவலுக்கும் ஒரே பக்கம், மற்ற இடங்களில் இருந்து அதற்கு லிங்க் மட்டும். ‘இணைப்பாடவிதானம்’ சின்னத் திரையில் இரண்டாக உடைந்து நிற்கும், அதுவும் ‘விளையாட்டும் சங்கங்களும்’ என்று பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிட்டது. நாலு வாசலில் பழைய மாணவர் வாசலை மட்டும் மேலே விட்டுவைத்தார், அது வேலை செய்தபடியால்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சான்றிதழ்ப் பக்கம். முன்பு சுவிஸில் இருக்கும் ஒருவருக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் அவர் இங்குள்ள மாமாவுக்குப் போன் எடுப்பார், மாமா வெயிலில் சைக்கிள் உழக்கி வருவார், அலுவலகத்தில் ‘அது இங்கே இல்லை’ என்பார்கள், மாமா என் கடையில் சோடா குடித்துவிட்டுத் திரும்புவார். இப்போது அந்தப் பக்கம் ‘எந்தச் சான்றிதழ்?’ என்று தொடங்குகிறது. சாதாரணதர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் கல்லூரியில் கிடைக்காது, அதற்குப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், இணையவழியாகவும் முடியும் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. கல்லூரி தருவது விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும். அனுமதி இலக்கம், சேர்ந்த வருடம், விலகிய வருடம், வேறொருவர் வந்து வாங்குவதென்றால் அதிகாரமளிக்கும் கடிதம் எல்லாம் அடுத்தடுத்து. வெளிநாட்டில் கொடுக்க வேண்டுமென்றால் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும், அதற்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு பிராந்திய அலுவலகம் இருக்கிறது என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம். 1995 யுத்த இடப்பெயர்வுக்கு முன் படித்தவர்கள் அனுமதி இலக்கம் தெரியாவிட்டால், எந்த வருடங்களில் எந்த வகுப்பில் படித்தார்கள், வகுப்பாசிரியர் யார் என்பதைக் குறிப்பிட்டால் போதும், அலுவலகம் பழைய பதிவேட்டில் தேடும். அந்த வருட ஒக்டோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் கையில் எதைக் கொண்டுபோனது, எதை விட்டுப்போனது என்று தெரிந்த ஒருவர்தான் இதை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். இது கிளாக்கரின் யோசனை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முகப்பின் முதல் இடம் காலத்துக்கேற்ப மாறுகிறது. புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் தரம் 6 அனுமதி, சாதாரணதரப் பெறுபேறு வந்தால் உயர்தர அனுமதி, கிரிக்கெட் காலத்தில் பெரும்போட்டி விபரம். இதை மாற்றுவதற்குக் கொழும்புக்குப் போன் எடுக்கத் தேவையில்லை, கிளாக்கரே செய்கிறார். பழைய தளத்தைப் பராமரித்த தகவல் தொழினுட்ப ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைத்ததோடு அது உறைந்துபோய், ‘புதியது’ என்ற மினுக்கும் எழுத்தோடு வருடக்கணக்கான அறிவித்தல்கள் கிடந்தன. இப்போது முடிவுத் திகதி போடாமல் அறிவித்தலை ஏற்ற முடியாது. கிளாக்கர் இன்னமும் பாமினியில்தான் அடிக்கிறார். ஏற்றும்போது யூனிகோட்டுக்கு மாற்றுகிற பெட்டி ஒன்றை அங்கேயே வைத்துவிட்டார்கள். அவரைத் திருத்த நினைக்காமல் அவருக்கேற்ற வழி செய்தது கெட்டித்தனம். தேடலில் இப்போது ‘அனுமதி’ அகப்படுகிறது. கல்லூரிச் சஞ்சிகைகளின் கனமான கோப்புகளையும் கழற்றிவிட்டு, 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் இருக்கிற பிரதிகளுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. அறிவித்தல் பக்கத்துக்கு ஆள் வருவது குறைவு. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது வகுப்புக்கு வகுப்பு வந்த வட்ஸ்அப் குழுக்கள் அப்படியே நிலைத்துவிட்டன, பெற்றோருக்குச் செய்தி அங்கேதான் முதலில் விழுகிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. குழுவில் இல்லாதவர்களுக்குத்தான் தளம் வேண்டும்: இனிமேல் சேரப் போகிற பிள்ளையின் தாய், எப்போதோ விலகிய மாணவர், கோண்டாவில் அம்மம்மா. ஆனால் குழுவில் படமாகப் போடுவதற்குப் பதில் தளத்தின் லிங்கைப் போட்டால், திகதி மாறும்போது பழைய படம் சுற்றிக்கொண்டிருக்காது.

மொழிப் பொத்தான் இன்னும் சரியில்லை. சான்றிதழ்ப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தைத் தட்டினால் அதே பக்கத்தின் ஆங்கிலம் வராது, முகப்புக்குத் தூக்கி எறிகிறது. தகப்பனுக்காக இலண்டனில் இருந்து தேடுகிற, தமிழ் வாசிக்கத் தெரியாத மகனுக்கு அது தொடங்கின இடத்திலிருந்து திரும்பத் தேடுகிற வேலை. சொல்லியிருக்கிறேன், பார்ப்போம் என்றார்கள்.

பணம் கட்டுகிற பக்கத்தில் வங்கிக் கணக்கு இலக்கம் படமாக இருக்கிறது. அழுத்திப் பிடித்தாலும் கொப்பி பண்ண முடியாது. எழுத்தாகப் போட்டால் யாராவது மாற்றிவிடுவார்கள் என்பது அலுவலகத்தின் பயம். படத்தையும்தான் மாற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துத் தட்டுகிறார்கள். இங்கே இருப்பவர்கள் என்னிடம் வந்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் 20 ரூபா.