பாயின்ட் 22 தோட்டா: குழிமுனையா, திடமுனையா?

தற்காப்புத் தோட்டா என்றாலே பலரும் குழிமுனையைத்தான் (ஹாலோ பாயின்ட், அதாவது நுனியில் குழியுள்ள, பட்டதும் விரியும் குண்டு) கேட்பார்கள். பெரிய காலிபரில் (குண்டின் விட்டம்) அது சரி. 1887 முதல் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் கணக்கு மாறுகிறது.

குழிமுனைக் குண்டு விரிய வேகம் வேண்டும். அந்த வேகம் நீளமான ரைஃபிள் குழலில் கிடைக்கும். இரண்டு அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கியில் வெடிமருந்து முழுதாக வேலை செய்வதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. அப்புறம் இரண்டில் ஒன்று: முனை விரியாது, அல்லது விரிந்து பாதியிலேயே நின்றுவிடும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., உடல் திசுவுக்குப் பதிலாக ஜெல்லியில் சுட்டுப் பார்க்கும் தன் சோதனையில் எதிர்பார்ப்பது 12 முதல் 18 அங்குல ஆழம். 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) ஈயத்துக்கு விரியவும் ஆழம் போகவும் சேர்ந்தாற்போல் சக்தி கிடையாது. எனவே குட்டைக் குழலுக்கு என் ஓட்டு குழியில்லாத திடமுனைக்கு, அதுவும் தட்டைமுனை என்றால் இன்னும் நல்லது. ஃபெடரல் நிறுவனம் 2021-இல் தற்காப்புக்கென்றே கொண்டுவந்த 'பஞ்ச்' தோட்டாவும் விரியாத தட்டைமுனைதான்.

நீளக் குழல் ரைஃபிள் என்றால் குழிமுனை கைகொடுக்கும். சுவரைத் துளைத்துப் போகும் ஆபத்து அதில் குறையலாம், இல்லாமல் போகாது.

எதை வாங்கினாலும் ரிம்ஃபயரின் (.22 போல, பற்றவைக்கும் மருந்து அடி விளிம்பில் இருக்கும் தோட்டா) பலவீனம் ஒன்றே. அந்த மருந்து விளிம்புக்குள் சமமாகப் பரவாவிட்டால் தோட்டா வெடிக்காது. ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் மேல்பாகத்தைக் கையால் பின்னிழுத்து வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். மெழுகு பூசிய வெறும் ஈயக் குண்டு பிஸ்டலைச் சீக்கிரம் அழுக்காக்கும், செம்புப் பூச்சுள்ளது தடையின்றி ஏறும். சொந்தத் துப்பாக்கியில் சிக்காமல் ஓடும் பிராண்டுக்கே முதலிடம்.