அஃபிலியேட் புரோகிராம்: ஏஜென்சியோடு மூன்று ஆண்டு, எங்கள் கையில் மூன்று ஆண்டு

பயணப் பைகள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையின் மார்க்கெட்டிங் குழுவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் அஃபிலியேட் புரோகிராமை, அதாவது தங்கள் லிங்க் வழியாக விற்பனை கொண்டுவரும் எழுத்தாளர்களுக்கும் தளங்களுக்கும் கமிஷன் தரும் ஏற்பாட்டை, முதல் மூன்று ஆண்டு வெளி ஏஜென்சி ஒன்று நடத்தியது. அதற்குப் பிறகு நாங்களே நடத்துகிறோம். எது நல்லது என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் செலவை வைத்துத்தான் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். இப்போது யாராவது கேட்டால், யாருக்குக் கமிஷன் போகலாம், யாருக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்வது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஏஜென்சியை வைத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. எங்களுக்கு இந்த உலகத்தில் யாரையும் தெரியாது. பயணம் பற்றி எழுதுகிறவர்களுக்கும் வீடியோ போடுகிறவர்களுக்கும் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அதே ஆட்களுக்கு ஏஜென்சி மேனேஜர் எழுதினால் அன்றைக்கே பதில் வரும். வேறு பல கடைகளுக்காக வருடக்கணக்கில் அவர்களோடு பேசிப் பழகியவர் அவர். முதல் ஆறு மாதத்தில் அவர் சேர்த்துவிட்ட எழுத்தாளர்களில் சிலர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். கடைக்கும் அஃபிலியேட்களுக்கும் நடுவில் நின்று கணக்கு பார்க்கும் நெட்வொர்க்கில் கணக்கு திறப்பது, எந்த ஆர்டர் யார் லிங்க்கில் வந்தது என்று பதியும் ட்ராக்கிங் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது, விதிமுறைகளை எழுதுவது எல்லாமே அவர்கள் கையில் சில வாரங்களில் முடிந்தன. அந்த நன்றி எனக்கு உண்டு.

சிக்கல் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த விதத்தில் இருந்தது. மாதம் ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் புரோகிராம் வழியாக வரும் விற்பனையில் ஒரு சதவீதம். ஒவ்வொரு மாத அறிக்கையிலும் விற்பனை ஏறிக்கொண்டே போனது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் ஆண்டு நடுவில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தோழி அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூப்பன் தளங்கள் இல்லாவிட்டால் இந்த ஆர்டர்கள் வந்திருக்காதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உட்கார்ந்து ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தோம். பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான். ஒருவர் ஏதோ ஒரு நல்ல விமர்சனத்தைப் படித்து எங்கள் தளத்துக்கு வருகிறார். நாலைந்து நாள் யோசித்து, பையைக் கூடையில் போடுகிறார். பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில் கூப்பன் எண் கேட்கும் காலிப் பெட்டி கண்ணில் படுகிறது. உடனே இன்னொரு டேபைத் திறந்து எங்கள் கடைப் பெயரோடு கூப்பன் என்று சேர்த்துத் தேடுகிறார். முதலில் வரும் தளத்தைத் தட்டுகிறார். அந்தத் தட்டலில் புதிய குக்கி, அதாவது அவர் யார் லிங்க்கில் வந்தார் என்று பிரவுசரில் குறித்துவைக்கும் சிறு பதிவு, உட்காருகிறது. கடைசி கிளிக்குக்கே கமிஷன் என்பது விதி. பத்து நாள் அந்தப் பையைச் சுமந்து பார்த்து எழுதியவருக்கு ஒன்றுமில்லை. எப்படியும் வாங்கவிருந்த ஆளைக் கடைசி நிமிடத்தில் தொட்ட தளத்துக்கு முழுக் கமிஷன், அதற்கு மேல் நெட்வொர்க்கின் பங்கு, ஏஜென்சியின் சதவீதம், போதாததற்கு வாங்கியவருக்குத் தள்ளுபடி. ஒரே ஆர்டருக்கு நான்கு இடத்தில் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பேபால் 2020-இல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி (கூப்பன் தேடித் தரும் பிரவுசர் நீட்டிப்பு), மற்றவர்களின் அஃபிலியேட் லிங்க்கை செக்அவுட்டில் மாற்றிவிடுகிறது என்று 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர் குற்றம் சாட்டியபோது பலர் அதிர்ந்தார்கள். கடைசி கிளிக் விதியைத்தான் பின்பற்றுகிறோம் என்பது பேபால் தரப்பின் பதில். அந்த விதியே எங்கள் தலைவலியாக இருந்ததால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

ஏஜென்சி ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். விற்பனை கூடினால் பணம் என்று ஒப்பந்தம் போட்டது நாங்கள். கூப்பன் தளங்களைக் குறைக்கச் சொன்னபோது அவர்கள் தயங்கினார்கள். தங்கள் வருமானத்தைத் தாங்களே வெட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

பிரிவது என்று முடிவானபோது இன்னொன்று தெரிந்தது. நெட்வொர்க் கணக்கின் முதன்மை லாகின் ஏஜென்சியின் பெயரில் இருந்தது. எழுத்தாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அவர்களின் மின்னஞ்சலில். கணக்கை மீட்கவே இரண்டு மாதம் ஆனது. யாரிடம் என்ன சிறப்புக் கமிஷன் பேசியிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எழுதிக்கொண்டோம். எனக்கு இன்றும் மனம் கசப்பது இந்த இடத்தில்தான்.

சொந்தமாக நடத்தத் தொடங்கியதும் முதலில் கூப்பன், கேஷ்பேக் தளங்களுக்குத் தனிக் கமிஷன் வகுத்தோம்: புதிய வாடிக்கையாளர் என்றால் மட்டும் முழுத் தொகை. விற்பனை எண் விழுந்தது, லாபம் விழவில்லை. இருப்பில் இல்லாத பையை யாரும் பரிந்துரைக்காமல் முன்கூட்டியே சொல்ல முடிந்தது, ஏனென்றால் கிடங்குக்காரர்கள் எங்களோடு ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். திரும்பி வந்த பைகளுக்கான கமிஷனைச் சரியான நேரத்தில் ரத்து செய்ததும் அப்படித்தான். 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் மூன்றாம் தரப்பு குக்கிகளை, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு தளங்கள் வைக்கும் குக்கிகளை, முழுதாகத் தடுத்தபின், சர்வரிலிருந்து சர்வருக்குத் தகவல் போகும் ட்ராக்கிங் தேவை என்று ஏஜென்சி பலமுறை எழுதியிருந்தது. வெளியாள் எழுதும்போது அது எங்கள் டெவலப்பர்களின் வரிசையில் கடைசியிலேயே கிடந்தது. உள்ளே இருந்து ஒருவர் தினமும் போய் நின்றதும் மூன்று வாரத்தில் முடிந்தது.

ஆனால் சொந்தக் கையில் இருந்தால் எல்லாம் சரி என்பதும் இல்லை. எங்கள் மேனேஜர் இரண்டாம் ஆண்டில் வேலையை விட்டுப் போனார். நான்கு மாதம் விண்ணப்பங்கள் குவிந்தன, பதில் கிடைக்காமல் நல்ல எழுத்தாளர்கள் இருவர் விலகினார்கள். ஏஜென்சியில் ஒருவர் போனால் இன்னொருவர் வந்து உட்காருவார். அப்புறம், எங்கள் பிராண்ட் பெயரைத் தேடுகிறவர்களுக்குத் தங்கள் விளம்பரம் தெரியும்படி கூகுளில் அந்தப் பெயரையே ஏலம் கேட்டுக் கமிஷன் எடுக்கிறவர்கள். நள்ளிரவில் மட்டும், எங்கள் அலுவலகம் இல்லாத ஊர்களில் மட்டும் விளம்பரத்தைக் காட்டுவார்கள். காலையில் நாம் தேடினால் ஒன்றும் தெரியாது. பல கடைகளைக் கண்காணிக்கும் ஏஜென்சிக்கு அதற்கான கருவியும் பழக்கமும் இருந்தன. எங்களுக்கு அந்தப் பழக்கம் வர ஒரு வருடம் ஆனது.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டவைதான். ஈபே 2008-இல் கமிஷன் ஜங்ஷன் என்ற வெளி நெட்வொர்க்கிலிருந்து விலகித் தன் சொந்த ஈபே பார்ட்னர் நெட்வொர்க்கைத் தொடங்கியது. அதே ஆண்டு தன் மிகப் பெரிய அஃபிலியேட்களில் சிலர் மீது, பயனர் லிங்க்கைத் தட்டாமலே குக்கியைத் திணித்ததாக வழக்கும் தொடுத்தது. அவர்களில் ஷான் ஹோகன் என்பவருக்கு 2014-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. பட்டியலில் முதலிடத்தில் நிற்பவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று நான் அந்தக் கதையிலிருந்து கற்றேன்.

இப்போது கலவையாக ஓடுகிறது. ஒப்புதல், கமிஷன் விகிதம், ரத்து மூன்றும் எங்களிடம். புதிய ஆட்களைத் தேடிச் சேர்ப்பதும் விளம்பர ஏலக் கண்காணிப்பும் மட்டும் வேறொரு சிறிய ஏஜென்சியிடம். விற்பனையில் சதவீதம் கிடையாது. அவர்கள் சேர்த்த ஒருவர் வழியாகப் புதிய வாடிக்கையாளரின் முதல் ஆர்டர் வந்து, திருப்பி அனுப்பும் கெடுவும் கடந்தால், ஒரு நிலையான தொகை. முதன்மை லாகின் எங்கள் பெயரில். எழுத்தாளர்களோடு நடக்கும் எல்லாப் பேச்சும் எங்கள் டொமைன் மின்னஞ்சலில். இந்த இரண்டு வரிகளையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுக் கையெழுத்து வாங்கினேன். அவர்கள் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை.