பாட்டு, வயலின், கீபோர்ட்: வீட்டுக்கு வரும் ஆசிரியரா, நாம் போவதா, ஆன்லைனா?

மட்டக்களப்பில் பிள்ளையைச் சங்கீதத்துக்குச் சேர்க்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "நல்ல மிஸ் ஆர் இருக்காங்க?" என்றுதான். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆசிரியர் வீட்டுக்கு வருவதா, பிள்ளை அவர் வீட்டுக்குப் போவதா, போனில் படிப்பதா என்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வருடம் ஆசிரியரின் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பதுதான் சிறந்தது, மற்ற இரண்டும் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வீட்டுக்கு வந்து படிப்பிப்பதை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு இது பெரிய உதவி, பிள்ளையை ஓட்டோவில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை, வகுப்பு நம் கண் முன்னாலேயே நடக்கும். ஆசிரியரின் போக்குவரத்துச் செலவும் நேரமும் சேர்வதால் காசு கூடத்தான், அது நியாயமானது. பிரச்சினை வேறு இடத்தில். நம் வீட்டில் வைத்துப் படிக்கும்போது பிள்ளை ஒருவரை மட்டும்தான் கேட்கிறது. தன்னைவிட ஒரு வருடம் முன்னால் போன அக்கா அலங்காரம் என்ற தாளப் பயிற்சியைப் பாடுவதையோ, தன்னைப் போலவே தாளத்தில் தடுமாறும் இன்னொரு தம்பியை ஆசிரியர் திருத்துவதையோ அது கேட்பதில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு, விருந்தாளி, காய்ச்சல் என்று வகுப்பைத் தள்ளிப்போடுவதும் நம் வீட்டில் மிகச் சுலபம், "மிஸ், இண்டைக்கு வேணாம்" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். ஆனால் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கும், வயதுபோன பிறகு ஆசைப்பட்டுப் படிக்கத் தொடங்குபவர்களுக்கும் நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஐம்பது வயதில் சரளிவரிசை என்ற ஆரம்ப சுரப் பயிற்சியைப் பாடக் கூச்சப்படும் ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரத் தேவையில்லை.

ஆசிரியர் வீட்டு வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளிவரிசை, முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூடிக்கொண்டு போகும். ஒரு பிள்ளை பாட மற்றவை கையில் தாளம் போடுகின்றன, பிறகு முறை மாறுகிறது. ஜண்டைவரிசை, தாட்டுவரிசை, சப்ததாள அலங்காரம், கீதம் என்று போகும் பாதையில் இந்தக் கேட்டல்தான் பாதி படிப்பு. வீட்டில் தனியாக அரை மணித்தியாலம் இருத்த முடியாத பிள்ளை அங்கே ஒரு மணித்தியாலம் இருந்துவிடும்.

இதிலும் குறை உண்டு, முக்கியமானது சுருதி, அதாவது பாடும் குரலின் அடிப்படை உயரம். அதைக் 'கட்டை' என்ற கணக்கில் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டை சரிவரும், ஆண் ஆசிரியர் 1 கட்டையிலோ 1½ கட்டையிலோ பாடிக்கொண்டிருப்பார். எல்லோரையும் தன் சுருதிக்கே இழுத்தால் பிள்ளை மேலே போகும்போது கத்தும், கீழே வரும்போது குரல் காற்றாகிவிடும், மாதக்கணக்கில் அப்படியே பாடினால் தொண்டை கெடும். நல்ல ஆசிரியர் சுருதிப்பெட்டியை பிள்ளைக்காக மாற்றுவார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் பையன்களை எப்படி நடத்துகிறார் என்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் கட்டையை இறக்கி, மெதுவாகப் பாடவைத்து, வேண்டுமானால் சில மாதம் தாளத்திலும் சுர ஞானத்திலும் கவனம் வைக்கிறேன் என்று சொல்பவரிடம் நம்பி விடலாம். "அதெல்லாம் ஒண்டும் இல்ல, பாடினாச் சரியாகும்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

பிறகு கூட்டம். நாலைந்து பிள்ளைகள் என்றேன். இருபது பிள்ளைகளை ஒன்றாக இருத்திச் சேர்ந்து பாடவைத்தால் பிழையாகப் பாடும் குரல் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும், ஒரு வருடத்துக்குப் பிறகு தனியே பாடச் சொன்னால்தான் தெரியவரும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தடவையாவது தனியாகப் பாடுகிறதா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஆன்லைன் பக்கம் வருவோம். சென்னையில் கச்சேரி செய்கிற ஒருவரிடம் காரைதீவில் இருந்துகொண்டே படிக்கலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை, நம் ஊரில் கிடைக்காத பாடாந்தரமும் (குரு வழியாக வரும் பாடும் முறை) கீர்த்தனைகளும் வருகின்றன, இந்தியாவுக்கும் நமக்கும் நேரமும் ஒன்றே. கனடாவில் இருக்கும் சித்தியிடம் என்றால் அங்கே காலை, இங்கே இரவு, லண்டனில் இருக்கும் மாமியிடம் என்றால் அங்கே காலை, இங்கே பின்னேரம் என்று பார்த்துத்தான் வகுப்பு வைக்க வேண்டிவரும். கீதத்தையும் தாண்டி வர்ணம் வரை வந்துவிட்ட பிள்ளைக்கு ஆன்லைன் உண்மையில் நல்லது. தொடக்கப் பிள்ளைக்கு ஏன் வேண்டாம் என்றால், சத்தம் போய்வர எடுக்கும் அந்தச் சிறு தாமதத்தால் இருவரும் சேர்ந்து பாட முடியாது, ஆசிரியர் தாளம் போடப் பிள்ளை பாடினால் இரண்டும் விலகியே கேட்கும். ஸூம் போன்ற செயலிகள் பேச்சைத்தான் முதன்மையாக வைத்திருக்கின்றன, தம்புராவின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டால் ஓரளவு சரியாகும், அதைப் பலர் போடுவதில்லை. வயலின் என்றால் இன்னும் சிக்கல்: எட்டு வயதுப் பிள்ளையின் வயலினுக்கு யார் சுருதி சேர்ப்பது? சென்னையில் இருக்கும் குருவால் தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்க முடியாது. வில் பிடிக்கும் பெருவிரல் மடிகிறதா, தோள் உயர்கிறதா என்பதை ஒரு பக்கத்தில் சாத்திவைத்த போன் காட்டாது. அந்த வயதில் விழுந்த கைப்பிழையைப் பிறகு திருத்துவது புதிதாகப் படிப்பிப்பதைவிடக் கடினம்.

ஆள் தெரிவில் நம் பகுதிக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இருப்பதால், அங்கே இசை படித்து முடித்த இளம் ஆசிரியர்கள் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். இன்னொரு பக்கம் பாடசாலையில் காலமெல்லாம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். நான் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். இளையவர்களிடம் உற்சாகம் அதிகம், பிள்ளைகளும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் அரசு நியமனம் கிடைத்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், பிள்ளை நடுவில் நிற்கும். மூத்தவர்கள் நிலையாக இருப்பார்கள், பொறுமையும் அதிகம், சிலர் மட்டும் புதிதாக எதையும் சேர்க்காமல் பழைய கொப்பியையே பார்த்து ஓட்டுவார்கள். சின்னப் பிள்ளைக்கு மூத்தவர், பதினைந்து வயதுக்கு மேல் இளையவர் என்பது என் விருப்பம். பட்டத்தைவிட முக்கியம் அவரிடம் இரண்டு வருடம் படித்த பிள்ளை எப்படிப் பாடுகிறது என்பது. ஆசிரியரின் குரலைக் கேட்டு மயங்காதீர்கள், மாணவர்களைக் கேளுங்கள்.

பரீட்சை விஷயம் தனியே பேச வேண்டியது. வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது, எழுத்தும் செயன்முறையும் உண்டு, கடைசிவரை முடித்தால் கலாவித்தகர் பட்டம். பாடசாலையில் சாதாரண தரத்துக்குச் சங்கீதம் எடுக்கும் பிள்ளைக்கும் செயன்முறைப் பரீட்சை இருக்கிறது. இவையெல்லாம் தேவை, பிள்ளைக்கு ஒரு இலக்கும் ஒழுங்கும் கிடைக்கும். ஆனால் அடுத்த தரத்தின் பாடத்திட்டத்தை மட்டும் மனப்பாடம் ஆக்கி, அதிலுள்ள பாட்டுகளைத் தவிர வேறொன்றும் பாடத் தெரியாமல் பிள்ளைகளை மேலே ஏற்றும் வகுப்புகள் இருக்கின்றன. கேட்டுப் பார்க்க வழி எளிது. தெரிந்த ஒரு ராகத்தில் தெரியாத ஒரு சுர வரிசையை எழுதிக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள்.

கீபோர்ட், கிற்றார் பக்கம் நிலைமை வேறு. தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்து வளர்ந்தவர்கள் புளியந்தீவுப் பக்கம் நன்றாகப் படிப்பிக்கிறார்கள், நோட்டு வாசிக்கவும் கோர்ட் பிடிக்கவும் அவர்களிடம்தான் போக வேண்டும். ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற லண்டன் பரீட்சைகளில் எட்டு தரங்கள் உண்டு, ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் தரச் செயன்முறைக்கு முன் 5ஆம் தரத் தியரி போன்ற ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கீபோர்ட்டில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன் என்பவரிடம் சேர்க்க வேண்டாம். சாதாரண கீபோர்ட்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே நிலையான சுரம்தான், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வராது, தோடி ராகத்தை அதில் அழுத்திப் பழகிய காது பிறகு பாட்டில் கஷ்டப்படும். வயலினிலும் இதே கவனம் வேண்டும்: கருவி ஒன்றுதான், கர்நாடகத்தில் தரையில் இருந்து தலைப்பக்கத்தை வலது காலில் ஊன்றி ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்ப்பார்கள், மேற்கத்திய முறையில் நின்று தாடையில் பிடிப்பார்கள். எது என்று தீர்மானித்த பிறகே ஆசிரியரைத் தேடுங்கள். வயலின் வாங்குவதையும் அவரிடம் விடுங்கள், கால், அரை, முக்கால் என்று பிள்ளையின் கைக்குத் தக்க அளவு இருக்கிறது.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தெரிவு அதிகம் இல்லை. வீணையைக் கல்முனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வர முடியாது, வீட்டில் மாணவர்களுக்கென்று ஒரு வீணை வைத்திருப்பவரைத் தேடுங்கள். மிருதங்கத்துக்கும் அப்படியே, மாரி மழையில் ஈரத்துக்குத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்போது வாரை இழுத்துச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் "மிஸ், ஒரு நாள் வந்து இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்லவர்கள் சந்தோஷமாக விடுவார்கள். வகுப்பு நடக்கும் இடம் ஆட்கள் நடமாடும் விறாந்தையாகவோ கதவு திறந்த அறையாகவோ இருக்க வேண்டும், தாயோ தகப்பனோ எப்போது வந்தாலும் உள்ளே வர முடிய வேண்டும். இதில் மரியாதைக்காகத் தயங்காதீர்கள், ஆசிரியர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் சரி. காசு மாதக் கணக்கா, வகுப்புக் கணக்கா, நடக்காத வகுப்புக்கு என்ன என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள். விஜயதசமிக்குத் தொடங்குவது நம் வழக்கம், அதன் பின்னாலேயே மழைக்காலம் வந்து வெள்ளத்தில் வகுப்புகள் விடுபடும். அந்த வாரங்களில் ஒலிப்பதிவு அனுப்பிப் பயிற்சி பார்ப்பாரா என்று கேட்டு வையுங்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொன்ன விறாந்தை வகுப்பு எளிதில் கிடைக்காது. மண்டூரிலிருந்து பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) குருமண்வெளிக்கு வந்து ஒவ்வொரு கிழமையும் பிள்ளையைக் கொண்டுபோவது எல்லோராலும் முடியாது. அப்படியானவர்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள ஒரு ஆசிரியரிடமே மாதத்தில் இரண்டு தடவை நேரில் போய் நீண்ட வகுப்பாக எடுத்து, மற்ற இரண்டு கிழமையும் அவரிடமே போனில் பாடிக்காட்ட ஒழுங்கு செய்யுங்கள். சென்னையில் முன்பின் தெரியாத ஒருவரைவிட, பிள்ளையின் குரலை நேரில் கேட்டவர் போனில் கேட்கும்போது பிழையை விரைவாகப் பிடிப்பார்.